சாட்சி சொல்லும் காகிதங்கள்

(மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முதலாளிமார் பேச்சிலும் அதுதான் வருகிறது. அது நமக்குச் சூட்டிய மகுடம் போலவே எல்லோரும் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த மான்செஸ்டரில் நூல் நூற்றவன் யார்? அவன் எங்கே குடியிருந்தான்? எத்தனை முறை அடிபட்டான்? எத்தனை முறை எழுந்து நின்றான்? இதை நமக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. மகுடத்தை மட்டும் சொன்னார்கள். அதற்கு அடியில் இருந்த தலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்தத் தலையைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்று வழி இருக்கிறது. மான்செஸ்டரை ஒட்டி, இர்வெல் என்ற ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக ஸால்ஃபோர்டு என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஒரு சிவப்புச் செங்கல் கட்டடத்தில் 'தொழிலாளி வர்க்க இயக்க நூல்நிலையம்' நடக்கிறது. அதைச் சர்க்கார் ஸ்தாபிக்கவில்லை, கோடீஸ்வரனும் ஸ்தாபிக்கவில்லை. ஓர் இஞ்சினீயரிங் தொழிலாளியும் ஒரு பள்ளி ஆசிரியையும் தங்கள் வீட்டில் ஆரம்பித்தார்கள். படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நாம் பேச அதைவிடப் பொருத்தமான விஷயம் வேறு இல்லை.

கல்லில் எழுதிய பொய்

முதலில் ஒரு கேள்வி. தொழிலாளிக்குப் பழங்கதை எதற்கு? இன்றைய கூலிப் பிரச்னையே தலைக்கு மேல் கிடக்கிறதே என்று சில தோழர்கள் கேட்கலாம். பதிலை மான்செஸ்டர் சரித்திரத்திலிருந்தே எடுப்போம்.

1819 ஆகஸ்ட் 16ந் தேதி. மான்செஸ்டரில் செயின்ட் பீட்டர்ஸ் மைதானம். நெசவாளிகள், நூற்பாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 60,000 பேர் கூடினார்கள். அவ்வளவு பெரிய தொழில் நகரத்துக்கு அன்று பார்லிமென்டில் ஓர் அங்கத்தினர் கூடக் கிடையாது. வாக்குரிமை வேண்டும் என்பதே ஜனங்களின் கோரிக்கை. பேச வந்தவர் ஹென்றி ஹண்ட். கூட்டம் அமைதியாக இருந்தது. மாஜிஸ்டிரேட்டுகள் குதிரைப் படையை ஏவினார்கள். வியாபாரிகளும் ஆலை அதிபர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருந்த உள்ளூர்ப் படை அது. தீட்டிய வாளோடு கூட்டத்தில் பாய்ந்தது. பின்னால் ராணுவக் குதிரைப் படையும் வந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள். 18 பேர் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. அதில் 2 வயதுக் குழந்தையும் அடக்கம். 600 பேருக்கு மேல் காயம். வாட்டர்லூ யுத்தம் நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் இதற்கு 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? மாஜிஸ்டிரேட்டுகளைப் பாராட்டியது. ஹண்டை இரண்டரை வருஷம் சிறையில் வைத்தது.

இதற்கு அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள், தோழர்களே. 1970களின் ஆரம்பத்தில், அதாவது ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அந்த இடத்தில் ஒரு நீல நிறப் பலகை பதித்தார்கள். ஹண்ட் பேசிய கூட்டத்தை ராணுவம் கலைத்தது என்ற அளவில் அது விஷயத்தை முடித்துக்கொண்டது. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கலைத்தது' என்றால் என்ன அர்த்தம்? மேகம் கலைகிறது, தூக்கம் கலைகிறது. வாளால் வெட்டுப்பட்ட ஜனங்களும் அப்படித்தான் கலைந்தார்களாம்!

ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 2007ல் அந்த நீலப் பலகை போய்ச் சிவப்புப் பலகை வந்தது. 15 பேர் மரணம், 600 பேருக்கு மேல் காயம் என்று அதில் பொறித்தார்கள். 188 வருஷம் கழித்து அந்த எண்ணிக்கையைச் சொல்ல முடிந்ததே, எப்படி? கோபத்தால் மட்டும் முடிந்ததா? இல்லை. காகிதத்தால் முடிந்தது.

படுகொலைக்குப் பிறகு நிவாரணக் கமிட்டிக்காரர்கள் பட்டியல் எழுதினார்கள். பெயர், ஊர், தெரு, எங்கே காயம், வாள்வெட்டா குதிரை மிதித்ததா, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எவ்வளவு உதவி கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். காயம்பட்ட பலர் அதை மறைத்தார்கள். தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். அப்படியும் பட்டியல் வளர்ந்தது. டெல்ஃப் என்ற ஊர் நெசவாளி ஒருவர் வெட்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "இனிமேல் கூட்டத்துக்குப் போவாயா, போதுமா?" என்கிற மாதிரி வைத்தியர் கேட்கிறார். போதாது என்கிறார் நெசவாளி. வெளியே போ என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதனின் ரத்தம் காய்ந்து 200 வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவன் சொன்ன பதில் நம் காதில் விழுகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார், அதனால் விழுகிறது.

பொய் கல்லில் எழுதியிருந்தது. உண்மை காகிதத்தில் இருந்தது. கடைசியில் காகிதம் கல்லைப் பெயர்த்தது.

மார்க்ஸ் உட்கார்ந்த ஜன்னலோரம்

மான்செஸ்டரில் இன்னொரு பழைய நூல்நிலையம் உண்டு. அதன் பெயர் சீதம் நூல்நிலையம். ஹம்ஃப்ரி சீதம் என்ற ஜவுளி வியாபாரி 1653ல் இறந்தபோது எழுதி வைத்த உயிலால் வந்தது. வாசிக்க வருபவனிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று உயிலில் கட்டளை. புத்தகங்களை அந்தக் காலத்தில் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். ஆளுக்குத் தடை இல்லை, புத்தகத்துக்குத்தான் விலங்கு!

1845 கோடையில் இரண்டு வாலிபர்கள் தினமும் அங்கே வந்தார்கள். ஒருவர் 27 வயதான மார்க்ஸ். மற்றவர் 24 வயதான எங்கெல்ஸ். வர்ணக் கண்ணாடி பதித்த ஜன்னலோரத்தில் நாற்சதுர மேஜை ஒன்றில் உட்கார்ந்து, பொருளாதாரத்தைப் பற்றியும் ஏழைகள் நிலையைப் பற்றியும் உள்ள புத்தகங்களைப் படித்தார்கள், குறிப்பெடுத்தார்கள். 25 வருஷம் கழித்து, 1870ல், எங்கெல்ஸ் மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஜன்னலோர மேஜையை ஆசையோடு நினைத்துப் பார்க்கிறார். இன்றும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம்.

எங்கெல்ஸ் மான்செஸ்டருக்கு வந்தது 1842ல். தகப்பனாருக்குப் பங்கு இருந்த நூல் கம்பெனியில் வேலை. அந்த ஆலை இருந்தது ஸால்ஃபோர்டில். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் தொழிலாளர் தெருக்களில் சுற்றினார். சாக்கடையைப் பார்த்தார், நிலவறை வீடுகளைப் பார்த்தார். கூடவே சர்க்கார் அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் புரட்டினார். இரண்டையும் சேர்த்து 1845ல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிப் புத்தகம் போட்டார்.

கவனியுங்கள். கண்ணால் பார்த்தது பாதி. காகிதத்தில் படித்தது பாதி. முதலாளி வர்க்கத்தின் சொந்த அறிக்கைகளையே முதலாளி வர்க்கத்துக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார். ஆராய்ச்சி என்பது பெரிய படிப்பாளிகளின் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிட்டு, யார் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிப்பது, அதுதான் ஆராய்ச்சி. சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பிடித்தம் தப்பு என்று சண்டை போடும் ஒவ்வொரு மில் தொழிலாளியும் அரை ஆராய்ச்சியாளன்தான்.

ஒரு வீடு நூல்நிலையம் ஆன கதை

இப்போது ஸால்ஃபோர்டு நூல்நிலையத்துக்கு வருவோம்.

எட்மண்ட் ஃபிரோ 1906ல் பிறந்தவர். எல்லோரும் எட்டி என்று கூப்பிடுவார்கள். தொழிற்கருவி செய்யும் இஞ்சினீயரிங் தொழிலாளி. வாலிப வயதிலேயே கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தவர். சங்க வேலை செய்தார் என்று பல பட்டறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்.

1931ல் இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. சர்க்கார் வேலையில்லாதோருக்குக் கொடுத்த உதவிப் பணத்தை நூற்றுக்குப் பத்து வெட்டியது. வீட்டில் யார் யாருக்கு என்ன வரும்படி என்று துருவித் துருவி விசாரித்து, உதவியை நிறுத்தும் முறையையும் கொண்டுவந்தது. அக்டோபர் 1ந் தேதி ஸால்ஃபோர்டில் ஆயிரக்கணக்கான வேலையற்றோர் நகரசபை மண்டபத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். பெக்ஸ்லி சதுக்கத்தில் போலீஸ் தடியோடு பாய்ந்தது. எட்டி ஃபிரோவை அடித்து மூக்கை உடைத்தார்கள். ஐந்து மாதம் சிறையில் போட்டார்கள். அந்தச் சிறைவாசி பின்னாளில் தம் சங்கத்தின் மான்செஸ்டர் மாவட்டக் காரியதரிசி ஆனார்.

ரூத் 1922ல் பிறந்தவர். யுத்த காலத்தில் விமானப் படையில் வேலை பார்த்தவர், பிறகு பள்ளி ஆசிரியை. சமாதான இயக்கத்தில் உழைத்தவர். 1953ல் தொழிலாளர் சரித்திரம் பற்றிய கட்சி வகுப்பு ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். இவரிடமும் புத்தகங்கள், அவரிடமும் புத்தகங்கள். குடித்தனம் ஒன்றானபோது புத்தகங்களும் ஒன்றாயின.

அதோடு நிற்கவில்லை. விடுமுறை வந்தால் ஒரு பழைய மோரிஸ் வேனில் ஏறி நாடு பூராவும் பழைய புத்தகக் கடைகளைத் தேடிப் போவார்கள். பெரிய நூல்நிலையங்கள் குப்பை என்று ஒதுக்கிய துண்டுப் பிரசுரம், சங்க விதிப் புத்தகம், மினிட் புத்தகம், கூட்ட நோட்டீஸ், இவையெல்லாம் இவர்களுக்குப் பொக்கிஷம். ஓல்டு டிராஃபோர்டில் இருந்த அவர்கள் வீடு சாதாரண வீடு. புத்தகம் முதலில் ஓர் அறையைப் பிடித்தது. பிறகு அடுத்த அறையை. கடைசியில் வீட்டையே பிடித்துக்கொண்டது. படிக்க வந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது.

1987ல் ஸால்ஃபோர்டு நகரசபை இடம் கொடுத்தது. முன்பு நர்சுகள் தங்குவதற்காகக் கட்டிய ஜூபிலி ஹவுஸ் என்ற கட்டடம் அது. புத்தகங்களோடு அந்தத் தம்பதிகளும் அங்கேயே குடிபோனார்கள். 1931ல் எந்த நகரசபை வாசலில் மண்டை உடைபட்டதோ, அந்த நகரசபையே 56 வருஷம் கழித்து எட்டி ஃபிரோவின் காகிதங்களுக்குக் கூரை கொடுத்தது! எட்டி 1997ல் மறைந்தார். ரூத் 2008ல் மறைந்தார். நூல்நிலையம் நடக்கிறது. இன்று அது ஒரு தர்ம ஸ்தாபனம். சங்கங்களும் தனி நபர்களும் கொடுக்கும் நன்கொடையும் தொண்டர்களின் உழைப்பும் அதைத் தாங்குகின்றன. யாரும் போகலாம், கட்டணம் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது?

அந்தக் கட்டடத்தில் இருப்பவை பல்லாயிரம். டாம் பெயின் எழுதிய புத்தகங்களின் பழைய பதிப்புகள் உண்டு. வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தாரின் பத்திரிகைகள் உண்டு. சங்கங்களின் மினிட் புத்தகங்கள், விதிப் புத்தகங்கள், அங்கத்தினர் சான்றிதழ்கள், கொடிகள், பட்டுத் துணியில் படம் தீட்டிய பதாகைகள் உண்டு. 1926 பொது வேலைநிறுத்தக் காலத்துப் பிரசுரங்கள் உண்டு. 1936 முதல் 1939 வரை பாசிசத்தை எதிர்த்து ஸ்பெயினில் போரிடப் போன தொண்டர்களைப் பற்றிய காகிதங்கள் உண்டு.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இரண்டு சங்கதி.

ஒன்று நிலத்தைப் பற்றியது. பென்னி ராத்மன் என்ற மெக்கானிக் வாலிபரின் காகிதங்கள் அந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் கிண்டர் என்ற மலைப் பிரதேசம். பிரபுக்கள் பறவை வேட்டை ஆடுவதற்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். ஆலைப் புகையில் ஆறு நாள் வெந்தவன் ஏழாவது நாள் மலைக்காற்று வாங்கப் போனால் காவலாள் தடியோடு விரட்டுவான். 1932 ஏப்ரல் 24ந் தேதி சுமார் 400 தொழிலாளிகள் திரண்டு மலை ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நாலு மாதம். 70 வருஷம் கழித்து, 2002ல், அந்தப் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவரே பொது மேடையில் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவது கூலியைப் பற்றியது. இங்கிலாந்தின் தெற்கே டால்படில் என்ற கிராமம். கூலிக் குறைப்பை எதிர்த்து ஆறு விவசாயத் தொழிலாளிகள் சங்கம் சேர்ந்தார்கள். ரகசியப் பிரமாணம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834ல் அவர்களை ஏழு வருஷ தண்டனையாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஜனங்கள் கிளர்ச்சி செய்து 1836ல் மன்னிப்பு வாங்கினார்கள். திரும்பி வந்த ஜார்ஜ் லவ்லெஸ் என்ற தொழிலாளி சும்மா இருக்கவில்லை. நடந்தது இன்னது என்று தாமே எழுதி 1837ல் சிறு புத்தகமாகப் போட்டார். தீர்ப்பை நீதிபதி எழுதினார். சரித்திரத்தைக் கூலியாள் எழுதினார். இன்று உலகம் எதை நம்புகிறது? கூலியாள் எழுதியதைத்தான்.

இந்தியாவின் விஷயமும் அந்த ஊர்ச் சரித்திரத்தில் கலந்திருக்கிறது. லங்காஷயர் துணி நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கியது நமக்குத் தெரியும். ஆனால் லங்காஷயர் தொழிலாளியும் லங்காஷயர் முதலாளியும் ஒன்றல்ல. 1929ல் மீரத் சதி வழக்கு என்று ஏகாதிபத்திய சர்க்கார் நம் நாட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்தது. ஸ்பிராட், பிராட்லி, ஹட்சின்சன் என்ற மூன்று ஆங்கிலேயர்களும் அதில் கைதிகள். அதைக் கண்டித்து இங்கிலாந்துத் தொழிலாளர் நாடகக் குழுக்கள் 'மீரத்' என்ற சிறு நாடகத்தைத் தெருவில் நடித்தன. மேடை கிடையாது, திரை கிடையாது. நடிகர்களே கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துச் சிறைக் கம்பி ஆக்குவார்கள். அதற்குப் பின்னால் நின்று பேசுவார்கள். ஸால்ஃபோர்டு வாலிபர்கள் இருந்த 'சிவப்பு மெகபோன்' குழுவும் அதை நடித்தது. வேலையும் கூலியும் இல்லாமல் தவித்த நூற்பாலைப் பட்டாளம், கடல் கடந்த இந்தியத் தொழிலாளிக்காகத் தெருவில் நின்று குரல் கொடுத்தது. இது எந்த முதலாளி எழுதிய மான்செஸ்டர் சரித்திரத்தில் வரும்?

நமக்கு உள்ள வேலை

தோழர்களே, மகாராஜாவின் கடிதத்தைக் காக்க அரண்மனை இருக்கிறது. கம்பெனியின் கணக்கைக் காக்க இரும்புப் பெட்டி இருக்கிறது. போலீஸ் அறிக்கையைக் காக்க சர்க்கார் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தொழிலாளியின் காகிதத்தைக் காக்க யார் இருக்கிறார்கள்? தொழிலாளிதான் இருக்கிறான். அவன் காக்காவிட்டால் நாளைக்கு எழுதப் போகிறவன் கையில் கம்பெனிக் கணக்கும் போலீஸ் அறிக்கையும் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து எழுதினால் ஊர்வலம் 'கலகம்' ஆகும். துப்பாக்கிச் சூடு 'கலைப்பு' ஆகும். கூலி கேட்டவன் 'குண்டன்' ஆவான்.

சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று கோர்ட்டுக் காகிதம் சொல்லும். தியாகிகள் என்று சொல்ல நம் காகிதமும் நம் நாவும்தான் உண்டு. எத்தனையோ மில்கள் மூடிவிட்டன. சங்கு ஊதிய இடத்தில் வீட்டு மனை விற்கிறார்கள். மில் போன பிறகு அதன் போராட்டத்துக்கு என்ன அடையாளம் மிஞ்சும்? ஒரு பழைய மெம்பர் கார்டு. ஒரு மினிட் புத்தகம். தலை நரைத்த ஒரு தோழரின் ஞாபகம். அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் படிப்பகத்தில் ஓர் அலமாரியை இதற்கென்றே ஒதுக்குவோம். பெரிய பணம் வேண்டியதில்லை.

சங்க ஆபீஸ் காலி செய்யும்போது பழைய தாளை எடைக்குப் போடவேண்டாம். முதலில் இங்கே கொண்டுவாருங்கள்.

எந்த நோட்டீஸ் அடித்தாலும் தேதி, மாதம், வருஷம் போடுங்கள். 'வருகிற ஞாயிறு' என்று மட்டும் போட்டால், பத்து வருஷம் கழித்து எந்த ஞாயிறு என்று யாருக்கும் தெரியாது. கைபேசியில் மட்டும் அனுப்பும் நோட்டீஸையும் ஒரு பிரதி காகிதத்தில் எடுத்து வையுங்கள்.

போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். முன் வரிசைத் தலைவர் பெயர் மட்டும் போதாது. பின் வரிசையில் கொடி பிடித்து நிற்பவர் பெயரும் வேண்டும். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று எழுதாமல் அவர்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.

சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், குத்தகை ரசீது, கோர்ட்டு சம்மன், எல்லாமே சரித்திரம்தான். மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நகல் கொடுங்கள். ஈரம் படாமல், சுவரை ஒட்டாமல், கரையான் ஏறாமல் வைக்க ஏற்பாடு செய்வோம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் வாலிபர்கள் போய் உட்காருங்கள். நாற்று நட்ட கூலி எவ்வளவு, எந்தப் பண்ணை, யார் முதலில் எதிர்த்துப் பேசினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். நாம் கேட்க விரும்புவதை அவர்கள் வாயில் திணிக்கக் கூடாது. தோல்வியைச் சொன்னாலும் எழுதுங்கள். தோற்ற வேலைநிறுத்தம் ஏன் தோற்றது என்று தெரிந்தவன்தான் அடுத்ததை ஜெயிப்பான்.

இது தலைவர்கள் மட்டும் செய்யும் வேலை அல்ல. மூக்கு உடைபட்ட ஒரு தொழிலாளியும் ஓர் ஆசிரியையும், ஒரு பழைய வேனும் ஞாயிற்றுக்கிழமைகளும். அவ்வளவு மூலதனத்தில் ஒரு வர்க்கத்தின் ஞாபகத்தைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். மான்செஸ்டர் என்ற பெயரை நாம் சுமப்பதானால், அந்த ஊர் முதலாளியின் புகையை மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? அந்த ஊர்த் தொழிலாளியின் அலமாரியையும் சேர்த்துச் சுமப்போம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அலமாரி தயாராக இருக்கும். வெறுங்கையோடு வராதீர்கள், தோழர்களே. வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரே ஒரு காகிதத்தோடு வாருங்கள்.